ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர்களை எந்த அளவுகோலால் வரிசைப்படுத்துவது?

கணக்கன் எழுதியது:

ஹெவிவெயிட் பிரிவின் தலைசிறந்த பத்து வீரர்கள் யார் என்று கேட்டால் எவரும் ஐந்து நிமிடத்தில் ஒரு பட்டியலைத் தந்துவிடுவார்கள். அந்தப் பட்டியல் எந்தக் கேள்விக்கான விடை என்று கேட்டால்தான் வாதம் தொடங்குகிறது. இருவரையும் அவரவர் உச்சத்தில் ஒரே மேடையில் நிறுத்தினால் யார் வெல்வார் என்பது ஒரு கேள்வி. தன் காலத்தில் யார் அதிகம் சாதித்தார் என்பது வேறொரு கேள்வி. ஏதோ ஓர் இரவில் எட்டிய உயரத்தை மட்டும் பார்த்தால் யார் முன்னே நிற்கிறார் என்பது மூன்றாவது. பெரும்பாலான பட்டியல்கள் முதலிடத்துக்கு ஓர் அளவுகோலையும் நான்காம் இடத்துக்கு இன்னோர் அளவுகோலையும் பயன்படுத்துகின்றன. அதனால்தான் அவை ஒன்றோடொன்று பொருந்துவதே இல்லை.

என் முறை எளிது. மேடையில் நடந்ததை மட்டும் எண்ண வேண்டும். எண்ணும்போது எதிராளியின் பெயரைப் பார்க்காமல், அந்த இரவில் அவர் எந்த நிலையில் இருந்தார் என்பதைப் பார்க்க வேண்டும். 1951 அக்டோபரில் ராக்கி மார்சியானோ எட்டாவது சுற்றில் வீழ்த்திய ஜோ லூயிஸுக்கு 37 வயது. வரிக் கடனுக்காக மீண்டும் மேடையேறியவர் அவர். 1980 அக்டோபரில் லாரி ஹோம்ஸ் பத்துச் சுற்றுகள் அடித்த முகமது அலிக்கு 38 வயது. 1988 ஜனவரியில் மைக் டைசன் நான்காவது சுற்றில் சாய்த்த ஹோம்ஸுக்கும் 38 வயதுதான்; அதற்கு முன் ஒன்றே முக்கால் ஆண்டுகளாக அவர் மேடைப் பக்கமே வரவில்லை. மூன்று வெற்றிகளிலும் தோற்றவரின் பெயர் பெரியது. வென்றவருக்குச் சேர வேண்டிய மதிப்பெண் சிறியது.

இந்த முறைப்படி என் வரிசை: அலி, ஜோ லூயிஸ், ஹோம்ஸ், லெனாக்ஸ் லூயிஸ், ஜார்ஜ் ஃபோர்மன், ஜோ ஃபிரேசியர், ஜாக் ஜான்சன், மார்சியானோ, இவாண்டர் ஹோலிஃபீல்ட், விளாடிமிர் கிளிட்ச்கோ. டைசன் பத்துக்குள் இல்லை என்பதற்காக முதல் கல் விழும் என்று தெரியும். அதைக் கடைசியில் பேசுவோம்.

பதினைந்தாம் சுற்று எழுதியது:

முறையை ஏற்கிறேன், அதிலிருந்து நீங்கள் பெற்ற விடையை ஏற்கவில்லை. உங்கள் முறையை நேர்மையாகப் பின்பற்றினால் முதலிடம் ஜோ லூயிஸுக்குத்தான் போக வேண்டும்.

1937 ஜூன் 22 அன்று சிகாகோவில் ஜேம்ஸ் பிராடக்கை எட்டாவது சுற்றில் வீழ்த்திப் பட்டம் வென்றவர், 1949இல் தாமாக விலகும்வரை அதை இழக்கவில்லை. 11 ஆண்டு 8 மாதம், 25 முறை பட்டத்தைத் தக்கவைத்தல். அந்தக் காலத்தில் உலக சாம்பியன் என்றால் ஒரே ஒருவர்தான். நான்கு அமைப்புகள் நான்கு இடுப்புப்பட்டைகளைப் பகிர்ந்தளித்து, ஒருவரையொருவர் சந்திக்காமலேயே நால்வரும் சாம்பியனாக வலம்வரும் வழக்கம் அன்று இல்லை. 1940 டிசம்பரிலிருந்து 1941 ஜூன் வரை மாதம் ஒரு சண்டை வீதம் ஏழு முறை பட்டத்தைப் பணயம் வைத்தார். அந்த எதிராளிகளைப் பத்திரிகைகள் கேலி செய்தன. கேலியில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை மேடையேறும் இன்றைய சாம்பியன்களோடு ஒப்பிட்டால், ஏழு மாதத்தில் ஏழு பயிற்சிக் காலங்களை முடித்து ஏழு முறையும் வென்றதன் எடை என்ன என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

என்னைப் பொறுத்தவரை இதைவிட முக்கியமானது ஷ்மெலிங் விவகாரம். 1936இல் மேக்ஸ் ஷ்மெலிங், ஜோ லூயிஸின் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்தார்: ஜாப் (முன்கையால் விடும் நேர்க்குத்து) விட்டபின் லூயிஸின் இடது கை தாடைக்குத் திரும்பாமல் தாழ்வாக இறங்கியது. அந்த ஒரு கணத்தில் இடது தோளுக்கு மேலாக வலது கையைச் செலுத்தினால் தாடை திறந்து கிடக்கும். பன்னிரண்டு சுற்றுகள் அதையே செய்து அவரைச் சாய்த்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து யாங்கி ஸ்டேடியத்தில் இருவரும் மீண்டும் சந்தித்தபோது அந்த இடது கை தாழ்வாக இறங்கவே இல்லை. ஷ்மெலிங்கைக் கயிற்றோடு ஒட்டவைத்து 124 விநாடிகளில் லூயிஸ் சண்டையை முடித்துவிட்டார். தன்னைத் தோற்கடித்த குறையைக் கண்டறிந்து, அதைக் களைந்து, அதே ஆளிடம் அதை நிரூபித்துக் காட்டிய சாம்பியன்கள் மிகக் குறைவு.

இடக்கை எழுதியது:

நீங்கள் இருவரும் வரலாற்றுப் பாடம் நடத்துகிறீர்கள்; குத்துச்சண்டையைப் பற்றிப் பேசவில்லை. எடைப் பிரிவுகள் ஏன் இருக்கின்றன? கனமானவர், திறமையில் சமமாக இருந்தால், எடை குறைந்தவரை வெல்வார் என்பதால்தான். ஹெவிவெயிட் பிரிவுக்கு மேல்வரம்பு இல்லாததால் மட்டுமே இந்தக் குழப்பம். வால்காட்டிடமிருந்து பட்டத்தைப் பறித்த இரவில் மார்சியானோவின் எடை 184 பவுண்டு, உயரம் 5 அடி 10½ அங்குலம். இன்று அவர் 200 பவுண்டு வரம்புள்ள க்ரூசர்வெயிட் பிரிவில்தான் மேடையேறுவார். லெனாக்ஸ் லூயிஸ் 6 அடி 5 அங்குலம். டைசனைச் சந்தித்தபோது 249 பவுண்டு. விளாடிமிர் அதைவிட ஓர் அங்குலம் கூட. இவர்களின் ஜாபைத் தாண்டி உள்ளே வருவதற்குள் மார்சியானோ எத்தனை குத்து வாங்குவார் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

தடகளத்தில் 1936இன் ஓட்டப் பந்தய நேரத்தை இன்றைய நேரத்தோடு ஒப்பிட்டு, பழையவரே வேகமானவர் என்று எவரும் வாதிடுவதில்லை. குத்துச்சண்டையில் கைக்கடிகாரம் இல்லை என்பதால் மட்டும் அந்த வாதம் பிழைத்திருக்கிறது. என் வரிசையில் முதலிடம் லெனாக்ஸுக்கு. பழையவர்களுக்கு வேண்டுமானால் தனிப் பட்டியல் போடுங்கள்.

மூலைக்காரர் எழுதியது:

அன்பர் இடக்கையின் வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. பாதி உண்மைதான் பேசித் தீர்க்கக் கடினமானது.

உயரமும் எடையும் மட்டுமே போதுமென்றால் 1919இல் 6 அடி 6½ அங்குல ஜெஸ் வில்லார்ட் ஜாக் டெம்ப்ஸியிடம் முதல் சுற்றிலேயே ஏழு முறை விழுந்திருக்க மாட்டார். அன்று டெம்ப்ஸியின் எடை 187. 1935இல் 260 பவுண்டு ப்ரிமோ கார்னேராவை ஜோ லூயிஸ் ஆறாவது சுற்றில் முடித்திருக்க மாட்டார். ஆனால் வில்லார்ட்டும் கார்னேராவும் பெரிய உடம்புக்காரர்களே ஒழிய, அந்த உடம்பைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் அல்லர். இமானுவேல் ஸ்டீவர்ட் பயிற்சியளித்த லெனாக்ஸும் விளாடிமிரும் வேறு வகை. தூரத்தில் நிற்கும்போது ஜாப். எதிராளி உள்ளே நுழைந்தவுடன் கழுத்தின் மேல் கையைப் போட்டுத் தன் எடை முழுவதையும் அவர் தோளில் சாய்ப்பது. ஐந்தாறு சுற்றுகள் 240 பவுண்டைச் சுமந்து நின்றவருக்குக் காலில் துள்ளல் மிஞ்சாது. பார்க்க அழகில்லை, ஆனால் வேலை செய்கிறது.

இவ்வளவும் ஒப்புக்கொண்டபின், 2024 மே மாதம் ரியாத்தில் நடந்ததை எங்கே வைப்பது? ஒலெக்சாண்டர் உசிக் 223½ பவுண்டு, டைசன் ஃபியூரி 262. ஃபியூரி பெரிய உடம்பைப் பயன்படுத்தத் தெரியாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. நடுச் சுற்றுகளில் உடலுக்கும் தாடைக்கும் அவர் விட்ட அப்பர்கட்டுகள் (கீழிருந்து மேலே விடும் குத்துகள்) உசிக்கைத் திணறவைத்தன. ஒன்பதாவது சுற்றில் உசிக்கின் இடது கை சரியாக இறங்கியதும் ஃபியூரி மேடையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் தள்ளாடினார். கயிறுகள்தாம் அவரைத் தாங்கின, அதனால் நடுவர் எண்ணத் தொடங்கினார். டிசம்பரில் நடந்த மறுசண்டையில் ஃபியூரி 281 பவுண்டுடன் வந்தார், உசிக் 226. அதிலும் உசிக்தான் வென்றார், இம்முறை மூன்று நடுவர்களின் ஒருமித்த தீர்ப்போடு. க்ரூசர்வெயிட்டிலிருந்து ஏறி வந்தவர், தன்னைவிட 55 பவுண்டு கனமானவரை, அதுவும் திறமையானவரை, பன்னிரண்டு சுற்று முழுவதும் சமாளித்தார்.

இன்னொன்று: சுற்றுகளின் எண்ணிக்கை. 1982இல் கொரிய வீரர் கிம் டுக்-கூ இறந்தபின் பட்டச் சண்டைகள் 15 சுற்றிலிருந்து படிப்படியாக 12ஆகக் குறைந்தன. பெரிய உடம்புக்கு இந்த மாற்றம் வரம். 1915இல் ஹவானாவில் 45 சுற்றுகளுக்குத் திட்டமிடப்பட்ட சண்டையில், 37 வயது ஜாக் ஜான்சன் வெயிலில் 26ஆவது சுற்று வரை நின்றுதான் வில்லார்ட்டிடம் விழுந்தார். நீங்கள் எந்த விதிமுறையில் லெனாக்ஸை மார்சியானோவுக்கு எதிரே நிறுத்துகிறீர்கள்? 12 சுற்று, பருத்த கையுறை, கண்ணிமை கிழிந்தால் மருத்துவர் நிறுத்திவிடுவார் என்ற இன்றைய மேடையிலா, அன்றைய மேடையிலா? அதைச் சொல்லாமல் யார் வெல்வார் என்று கேட்பதில் பயனில்லை.

பழைய படச்சுருள் எழுதியது:

பட்டியல் போடும் எவரும் தொடாமல் நழுவும் ஓர் இடம் இருக்கிறது. அதைத் தொடாமல் 1937க்கு முந்தைய எந்தப் பெயரையும் வரிசையில் வைக்க முடியாது என்பது என் கருத்து.

கறுப்பின சாம்பியன் ஜான்சன் பட்டத்தை இழந்த 1915 ஏப்ரலிலிருந்து ஜோ லூயிஸ் வென்ற 1937 ஜூன் வரை 22 ஆண்டுகள், ஒரு கறுப்பின வீரருக்குக்கூட ஹெவிவெயிட் பட்டத்துக்காக மேடையேறும் வாய்ப்புத் தரப்படவில்லை. அதற்கு முன்னரும் இதே கதைதான். சாம்பியன் ஜான் எல். சல்லிவன் கறுப்பின வீரர் பீட்டர் ஜாக்சனோடு மோத மறுத்தார். அதே ஜாக்சன் 1891இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜேம்ஸ் கார்பெட்டுடன் 61 சுற்றுகள் மோதினார்; முடிவே எட்டப்படவில்லை. மறு ஆண்டு சல்லிவனை வென்று சாம்பியனானவர் கார்பெட். அப்படியானால் 1891இல் உலகின் சிறந்த ஹெவிவெயிட் யார் என்பதற்குப் பதிவேட்டில் விடை இல்லை. விடை வராமல் பார்த்துக்கொண்டார்கள்.

டெம்ப்ஸியை முதல் பத்துக்குள் வைக்கும் பட்டியல்கள் இன்றும் உண்டு. கறுப்பின வீரர் ஹாரி வில்ஸுடன் அவர் மோதுவதற்கு ஒப்பந்தம்கூடக் கையெழுத்தானது, சண்டை நடக்கவில்லை. 1923இல் ஃபிர்ப்போவை வீழ்த்தியபின் மூன்று ஆண்டுகள் பட்டத்தைப் பணயம் வைக்காமலேயே இருந்துவிட்டு, 1926இல் மேடையேறி ஜீன் டன்னியிடம் அதைப் பறிகொடுத்தார். உங்கள் முறைப்படி டெம்ப்ஸியின் சாம்பியன் காலத்தில் அவர் சந்திக்காத ஒருவரே அவர் சந்தித்த அனைவரையும்விட முக்கியமானவர்.

இதில் ஜான்சனும் தப்ப முடியாது என்பதுதான் எனக்கு எப்போதும் உறுத்தும் பகுதி. 1906இல் இன்னொரு கறுப்பின வீரரான சாம் லாங்ஃபோர்டை 15 சுற்றுகளில் புள்ளிகளில் வென்றவர், சாம்பியனானபின் லாங்ஃபோர்டுக்கு ஒரு வாய்ப்பும் தரவில்லை. ஜோ ஜெனெட்டுக்கும் சாம் மெக்வேக்கும் அதே கதிதான். 1913 டிசம்பரில் பாரிஸில் ஜிம் ஜான்சன் என்ற கறுப்பின வீரருடன் பட்டத்துக்காக மோதினார், அதுவும் சமநிலையில் முடிந்தது. ஆனால் அந்த நால்வரில் மிகக் குறைந்த ஆபத்து அவரிடம்தான் இருந்தது. வெள்ளையர்களோடு மோதினால் வருமானம் அதிகம் என்ற அவருடைய கணக்கு எனக்குப் புரிகிறது. சமூகமே அவரை வேட்டையாடிய காலத்தில் அப்படிக் கணக்கிட்டதற்காக அவரைக் குறைசொல்ல மனம் வரவில்லை. ஆனால் வரிசைப்படுத்தும்போது அந்தக் கணக்கு லாங்ஃபோர்டை அழித்துவிடுகிறது. நடுத்தர உயரம்கூட இல்லாத, லைட்வெயிட்டிலிருந்து ஹெவிவெயிட் வரை எல்லாப் பிரிவினரோடும் மோதிய ஒருவருக்கு ஹெவிவெயிட் பட்டத்துக்கான ஒரு சண்டைகூடக் கிடைக்கவில்லை என்பதற்காக, அவர் பெயரே இல்லாத பட்டியலை நாம் வரலாற்றுப் பட்டியல் என்று அழைக்கிறோம்.

இடக்கை எழுதியது:

இந்தப் பதிவை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் இது என் பக்க வாதத்தையே வலுப்படுத்துகிறது. 1937க்கு முந்தையவர்களை நீக்கிவிடுங்கள்.

கணக்கன் எழுதியது:

நீக்க வேண்டாம். நீக்கினால் லாங்ஃபோர்டை இரண்டாவது முறையாகத் தள்ளிவைப்பதாகும். சிறந்தவர்கள் ஒருவரையொருவர் சந்திக்காமல் போவது அந்தக் காலத்தோடு முடிந்துவிடவும் இல்லை, காரணங்கள்தாம் மாறின. லெனாக்ஸும் ரிடிக் போவும் 1988 ஒலிம்பிக் இறுதிச் சண்டையில் மோதினார்கள், லெனாக்ஸ் வென்றார். தொழில்முறை மேடையில் அந்தச் சண்டை நடக்கவே இல்லை. 1992 டிசம்பரில் போ ஓர் இடுப்புப்பட்டையைக் குப்பைத்தொட்டியில் போட்டுப் புகைப்படத்துக்கு நின்றார். கிளிட்ச்கோ சகோதரர்கள் காலத்தில் உலகின் முதல் இருவரும் அண்ணன் தம்பிகள். தாய்க்குக் கொடுத்த வாக்கின்படி இருவரும் மோதவே இல்லை. விளாடிமிர் ஒன்பதரை ஆண்டுகளில் 18 முறை தொடர்ந்து பட்டத்தைத் தக்கவைத்தது பெரிய எண்தான். அவருடைய காலத்தின் மிக ஆபத்தான எதிராளி அவர் வீட்டிலேயே இருந்தார் என்பதையும் அதே வரியில் எழுத வேண்டும். ஆக, இடக்கை அவர்கள் நவீன காலத்தைத் தூய்மையான பதிவேடாகக் காட்ட முடியாது.

பதினைந்தாம் சுற்று எழுதியது:

அலியின் பக்கம் திரும்புவோம். அவருடைய இரண்டாம் பாதியை நீங்கள் மிக இலேசாகக் கடந்துவிட்டீர்கள். 1976 ஏப்ரலில் ஜிம்மி யங்குடனான சண்டையும், செப்டம்பரில் கென் நார்ட்டனுடனான மூன்றாவது சண்டையும் அன்றே மேடையோரத்தில் இருந்த பலரால் அலி தோற்ற சண்டைகளாகப் பார்க்கப்பட்டவை. நார்ட்டன் 1973இல் அவருடைய தாடையை உடைத்தார்; மூன்று சண்டைகளின் தீர்ப்பும் 2-1 என்று அலிக்குச் சாதகம், ஆனால் நார்ட்டனுக்கு 2-1 என்று எழுதியிருந்தாலும் பெரிய அநியாயம் என்று சொல்ல முடியாது. ஜோ லூயிஸுக்கும் 1947இல் வால்காட்டுடன் அப்படி ஓர் இரவு உண்டு; இரண்டு முறை கீழே விழுந்தும் தீர்ப்பு அவருக்கே வந்தது. ஆனால் அடுத்த ஆண்டே மறுசண்டை வைத்து, 11ஆவது சுற்றில் வால்காட்டை வீழ்த்தி ஐயத்தை நீக்கினார்.

ராணுவத்தில் சேர மறுத்ததால் அலிக்குப் பறிபோன ஆண்டுகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். 1942 மார்ச்சுக்கும் 1946 ஜூனுக்கும் இடைப்பட்ட காலத்தின் பெரும்பகுதியை ஜோ லூயிஸ் ராணுவத்தில் கழித்தார். 27 வயதிலிருந்து 32 வயது வரை பட்டச் சண்டையே கிடையாது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கணக்கன் எழுதியது:

ராணுவ ஆண்டுகள் பற்றிய குறிப்பு நியாயமானது. அதற்காகத்தான் இருவருக்கும் இடையே இடைவெளி மிகச் சிறியது என்று கருதுகிறேன். ஆனாலும் அலியை மேலே வைப்பதற்குக் காரணம் சண்டைகளின் எண்ணிக்கை அல்ல. அன்றிரவு எதிரே நின்றவர் யார் என்ற என் பழைய கேள்விதான். 1964இல் சன்னி லிஸ்டன்: சாம்பியனாக இருந்த ஃப்ளாய்ட் பேட்டர்சனை இரண்டு முறை முதல் சுற்றிலேயே முடித்துவிட்டு வந்தவர். 1974இல் ஃபோர்மன்: 25 வயது, தோல்வியே அறியாதவர், அலியைத் தோற்கடித்த ஃபிரேசியரையும் நார்ட்டனையும் ஆளுக்கு இரண்டு சுற்றில் நொறுக்கியவர். ஜோ லூயிஸ் பட்டத்தைத் தக்கவைத்த 25 சண்டைகளின் எதிராளிகளில் இந்த இருவருக்கு ஈடான நிலையில் இருந்த ஒருவரைக் காட்டுங்கள். பில்லி கானைச் சொல்வீர்கள். அவர் லைட்-ஹெவிவெயிட் பட்டத்தை விட்டுவிட்டு வந்தவர், 12 சுற்று முடிவில் இரண்டு நடுவர்களின் புள்ளி அட்டையில் முன்னிலையில் இருந்தவர். பதின்மூன்றாவது சுற்றில் அவரை வீழ்த்தியது பெரிய வெற்றி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கான் ஃபோர்மன் அல்ல.

ஃபோர்மனுடனான அந்த 1974 கின்ஷாசா சண்டையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் நிலைத்துவிட்டது: அலி எட்டுச் சுற்றுகளும் கயிற்றில் சாய்ந்து அடி வாங்கிக்கொண்டிருந்தார் என்பது. முதல் சுற்றைப் பாருங்கள். ஜாப் விடாமல், நேராக வலது கையையே முதல் குத்தாக விடுகிறார். வலது கை உடலுக்குப் பின்னாலிருந்து நெடுந்தூரம் வர வேண்டும். அதை முதல் குத்தாக விட்டால் எதிராளி பார்த்து விலகிவிடலாம், விலகினால் விட்டவர் திறந்து நிற்பார். உலக சாம்பியனிடம் அதைச் செய்பவர்கள் இல்லை என்பதால் ஃபோர்மன் அதை எதிர்பார்க்கவே இல்லை. திரும்பத் திரும்ப முகத்தில் வாங்கினார். இரண்டாவது சுற்றிலிருந்துதான் அலி கயிற்றுக்குப் போகிறார். அங்கேயும் ஃபோர்மனின் கழுத்தைப் பிடித்துக் கீழே இழுத்து அவருடைய பலத்தை உறிஞ்சிக்கொண்டே, ஒவ்வொரு சுற்றின் கடைசி அரை நிமிடத்தில் எதிர்க்குத்துகளை விடுகிறார். எட்டாவது சுற்றில் ஓர் இடது ஹூக் (பக்கவாட்டில் வளைத்து விடும் குத்து) ஃபோர்மனின் தலையை நிமிர்த்த, அடுத்த நேர் வலது முடித்துவிடுகிறது. ஃபோர்மன் சுழன்று விழும்போது இன்னொரு வலது கை ஓங்கியபடி இருந்தது. அலி அதை விடவில்லை. 32 வயதில், கால்கள் பழைய வேகத்தை இழந்தபின், மேடையிலேயே வேறொரு சண்டை முறையைக் கண்டுபிடித்தவர் அவர்.

மணியடித்தபின் எழுதியது:

டைசனை ஏன் இப்படி ஒதுக்குகிறீர்கள்? 1986 நவம்பரில் 20 வயதில் ட்ரெவர் பெர்பிக்கை இரண்டாவது சுற்றில் வீழ்த்தி, மிக இளம் வயது ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். 1988 ஜூனில் அதுவரை தோற்காத மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடிகளில் முடித்தார். உசிக்கைப் புகழ்கிறீர்கள், 5 அடி 10 அங்குலத்தில் தன்னைவிட உயரமானவர்களை மட்டுமே வீழ்த்திக்கொண்டிருந்தவருக்குப் பத்துக்குள் இடமில்லையா?

மூலைக்காரர் எழுதியது:

அந்த ஒன்றரை ஆண்டு டைசனைப் பற்றி எனக்கு எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை. தலையை ஓரிடத்தில் நிறுத்தாமல் ஜாபுக்கு அடியில் நுழைவது, நுழைந்ததும் விலாவுக்கு வலது ஹூக், அதே கையால் தாடைக்கு அப்பர்கட்: இந்த இணையை அவ்வளவு வேகமாக விட்ட இன்னொரு ஹெவிவெயிட்டை நான் பார்த்ததில்லை. 1988 இறுதியில் பயிற்சியாளர் கெவின் ரூனி நீக்கப்பட்டபின், ஜாபுக்கு அடியில் நுழையும் அந்தப் பொறுமை போய்விட்டது; ஒரே குத்தில் முடிக்கும் அவசரம் வந்தது. 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் ஜாபை முகத்திலேயே நிறுத்திவைத்தபோது வழி தெரியவில்லை.

வரிசைப்படுத்தும்போது நான் பார்க்கும் ஒன்று, கீழே விழுந்தபின் என்ன செய்தார் என்பது. ஹோம்ஸ் 1979இல் எர்னி ஷேவர்ஸிடமும் 1981இல் ரெனால்டோ ஸ்னைப்ஸிடமும் மல்லாந்து விழுந்தார். இருமுறையும் எழுந்து, சில சுற்றுகளில் எதிராளியை முடித்தார். ஜோ லூயிஸ் பிராடக்கிடம் விழுந்து பட்டம் வென்றார், கலென்டோவிடம் விழுந்து அடுத்த சுற்றிலேயே முடித்தார். மார்சியானோ வால்காட்டிடம் முதல் சுற்றில் விழுந்தார், மூன்று நடுவர்களின் அட்டையிலும் பின்தங்கியிருந்தார், பதின்மூன்றாவது சுற்றில் ஒரே ஒரு குறுகிய வலது கையால் சண்டையை மாற்றினார். டைசன் கீழே விழுந்த ஒரு சண்டையைக்கூட வென்றதில்லை. அவர் வெற்றிகள் எல்லாம் சண்டை அவர் விருப்பப்படி போன இரவுகளின் வெற்றிகள்.

மார்சியானோவின் 49-0 (49 வெற்றி, தோல்வி இல்லை) பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பூஜ்ஜியத்துக்குத் தேவைக்கு மேல் மதிப்புத் தரப்படுகிறது. வால்காட்டுக்கு 38, ஜோ லூயிஸுக்கு 37, ஆர்ச்சி மூர் அவர்களைவிடவும் இளையவர் அல்லர். ஹோம்ஸ் 48-0 வரை வந்து 1985இல் ஸ்பிங்க்ஸிடம் தோற்றார். 49ஆவது சண்டையில் வேண்டாம் என்று விலகியிருந்தால் அவருக்கும் ஒரு சிலை வைத்திருப்பார்கள். இருந்தாலும் 1954 செப்டம்பரில் எஸார்ட் சார்ல்ஸ் அவருடைய மூக்கை இரண்டாகப் பிளந்தபின், மருத்துவர் நிறுத்திவிடுவார் என்று தெரிந்து, எட்டாவது சுற்றிலேயே சார்ல்ஸை வீழ்த்திய மார்சியானோவை எட்டாம் இடத்துக்குக் கீழே இறக்க எனக்கு மனமில்லை.

பழைய படச்சுருள் எழுதியது:

இடைச்செருகலாக ஒன்று. இதே வாதத்தைக் கணினியிடம் விட்டுப்பார்த்தும் இருக்கிறார்கள். 1969இல் அலியும் ஓய்வுபெற்ற மார்சியானோவும் மியாமியில் ஓர் அறைக்குள் மோதுவதுபோல் நடித்துப் படமாக்கப்பட்டார்கள்; கணினி சொன்ன முடிவுப்படி காட்சிகளைத் தொகுத்து 1970 ஜனவரியில் திரையிட்டார்கள். அமெரிக்காவில் மார்சியானோ பதின்மூன்றாவது சுற்றில் வென்றார். ஐரோப்பியப் பார்வையாளர்களுக்குக் காட்டப்பட்ட படத்தில் அலி வென்றார். கணினிக்கும் கடல் தாண்டினால் கருத்து மாறியது.

இடக்கை எழுதியது:

நன்று. அப்படியானால் லெனாக்ஸின் கணக்கை உங்கள் அளவுகோலிலேயே வைக்கிறேன். இரண்டு தோல்விகள், இரண்டும் ஒரே குத்தில் முடிந்தவை: 1994இல் ஆலிவர் மெக்கால், 2001 ஏப்ரலில் ஹசிம் ரஹ்மான். இருவரையும் மறுமுறை சந்தித்து வென்றார். ரஹ்மானை ஏழு மாதம்கூடக் கழியுமுன் நான்காவது சுற்றில். ஹோலிஃபீல்டுடன் 1999 மார்ச்சில் சமநிலை என்று தந்த தீர்ப்பைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். நவம்பரில் தெளிவாக வென்றார். கடைசிச் சண்டையில் 37 வயதில், போதிய தயாரிப்பின்றி, விடாலி கிளிட்ச்கோவை எதிர்கொண்டார். ஆறு சுற்று முடிவில் அட்டைகளில் பின்தங்கியிருந்தார் என்பது உண்மை, விடாலியின் கண்ணுக்கு மேல் அந்த வெட்டை உண்டாக்கியது லெனாக்ஸின் கை என்பதும் உண்மை. ஹோம்ஸ் தன் காலத்து மற்ற பட்டக்காரர்களைச் சந்திக்காமலேயே ஆண்டார். விதர்ஸ்பூனையும் கார்ல் வில்லியம்ஸையும் நூலிழையில் தாண்டினார். லெனாக்ஸ் மூன்றாம் இடம், ஹோம்ஸ் நான்காம் இடம் என்று மாற்ற உங்கள் முறையே உங்களைக் கட்டாயப்படுத்துகிறது.

கணக்கன் எழுதியது:

மெக்காலுடனான மறுசண்டையில் அவர் மேடையிலேயே அழுது சண்டையிட மறுத்தார். அந்த வெற்றிக்கு என் முறைப்படி அதிக மதிப்பெண் இல்லை. ஷேவர்ஸின் அந்த வலது கையை வாங்கி ஹோம்ஸ் எழுந்ததற்கு இணையாக லெனாக்ஸிடம் ஓர் இரவு இல்லை. ஹோம்ஸ் மூன்றிலேயே இருக்கட்டும். உசிக்கைத்தான் நான் இன்னும் சேர்க்கவில்லை; அவரைப் பற்றி மூலைக்காரர் சொல்வதைக் கேட்க விரும்புகிறேன்.

மூலைக்காரர் எழுதியது:

ஜோஷுவாவை இருமுறை, ஃபியூரியை இருமுறை, 2025 ஜூலையில் வெம்ப்லியில் டுபோவாவை ஐந்தாவது சுற்றில். எல்லோரும் அவரைவிடக் கனமானவர்கள். 1999-2000இல் லெனாக்ஸுக்குப் பிறகு மறுக்கவியலாத ஒரே சாம்பியன் என்ற நிலையை ஹெவிவெயிட்டில் முதலில் எட்டியவர் அவர். ஹோலிஃபீல்டும் க்ரூசர்வெயிட்டிலிருந்து ஏறியவர்தான். போவை மூன்று சண்டைகளில் ஒருமுறை வென்றார், டைசனை இருமுறை வென்றார், ஆனால் தோல்விகள் நிறைய. என் வரிசையில் உசிக் ஒன்பது, ஹோலிஃபீல்ட் பத்து, விளாடிமிர் வெளியே.

இடக்கை எழுதியது:

கணக்கனின் அளவுகோலைப் பிடித்துக்கொண்டே கேட்கிறேன்: அன்றிரவு ஃபியூரி எந்த நிலையில் இருந்தார்? வைல்டருடனான மூன்றாவது சண்டையில் இரண்டு முறை விழுந்து எழுந்தவர். 2023 அக்டோபரில் அதுவரை ஒரு தொழில்முறைக் குத்துச்சண்டைகூட ஆடியிராத கலப்புத் தற்காப்புக் கலை வீரர் ந்கானூவிடம் மூன்றாவது சுற்றில் விழுந்தவர். ரியாத்துக்கு வந்தது 2015இல் விளாடிமிரைத் திணறடித்த ஃபியூரி அல்ல. பெயர் பெரிது என்பதற்காக மதிப்பெண் தரக்கூடாது என்று முதல் பதிவிலேயே எழுதியவர், உசிக்குக்கு மட்டும் விலக்குத் தர முடியாது.

கணக்கன் எழுதியது:

விலக்குத் தரவில்லை, ஆனால் மே மாதச் சண்டையின் நான்காவது முதல் ஏழாவது சுற்று வரை மறுபடி பாருங்கள். தேய்ந்துபோன ஒருவர் உசிக்கை அப்படி அடித்திருக்க முடியாது. ஒன்பதாம் இடம் அவருக்குத்தான், விளாடிமிரை எடுத்துவிடுகிறேன்.